துளை விழுந்த சம்பளப் புத்தகம்

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் இராணுவத்தின் ஒவ்வொரு சிப்பாயும் தன் உடலோடு வைத்திருக்க வேண்டிய ஆவணம் ஒன்று இருந்தது. 15 சென்ரிமீற்றர் உயரமும் 10 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலமும் கொண்ட, 24 பக்கங்களாலான ஒரு சிறு புத்தகம். மங்கிய நிற அட்டை. அதில் கழுகுச் சின்னம். ஜேர்மன் மொழியில் அதன் பெயர் 'ஸோல்ட்பூஹ்'. சம்பளப் புத்தகம் என்பது அதன் பொருள். அடையாள அட்டையாகவும் இதுவே பயன்படும் என்ற வாசகமும் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருந்தது.

'ஸோல்ட்' என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. உரோமப் பேரரசின் பொன் நாணயமான 'ஸொலிடஸ்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. படைவீரனைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பலவும் இதே வேரிலிருந்துதான் வந்தன. கூலிக்காகச் சண்டையிடுபவன் என்பதே அவற்றின் ஆதிப் பொருள். நாம் வழங்கும் 'சிப்பாய்' என்ற சொல்லோ பாரசீகத்தின் 'சிபாஹி'யிலிருந்து வந்தது. ஐரோப்பியச் சொல் கூலியை முன்வைக்க, பாரசீகச் சொல் படையை முன்வைக்கிறது. ஆனால் இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட விடயம் சொல்லாராய்ச்சி அன்று. சம்பளத்தைக் குறித்துவைக்க அச்சிடப்பட்ட ஒரு புத்தகம், அதைச் சுமந்தவனின் மரணத்துக்கே சாட்சியாகிப்போன கதை இது.

இப்புத்தகத்தை மூட்டையிலோ தங்குமிடத்திலோ வைத்திருக்கக் கூடாது, மேற்சட்டைப் பையில் எந்நேரமும் வைத்திருக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் புத்தகத்தின் உள்ளேயே அச்சிடப்பட்டிருந்தது. வழமையில் அது இடது மார்புப் பையில் இருந்தது. அதாவது இதயத்துக்கு மேலே. ஆகவே அவன் மார்பைத் துளைத்த ரவை இதையும் துளைத்தது. அவன் நனைந்தபோது இதுவும் நனைந்தது. யுத்தம் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், ஆவணக் காப்பகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இத்தகைய புத்தகங்கள் பெருமளவில் இருக்கின்றன. அவற்றுட் சிலவற்றில் துளைகள் உண்டு. சிலவற்றில் கறைகள் உண்டு. அவற்றைச் சரியாக வாசிப்பது எப்படி, வாசித்து என்ன செய்வது என்பவையே நம் முன்னுள்ள கேள்விகள்.

புத்தகத்தின் உள்ளே

முதற்பக்கத்தில் பெயரும் பதவியும் இருக்கும். பதவி உயர்வு கிடைக்கும்போதெல்லாம் திகதியோடு புதிய பதவி எழுதப்படும். அதே பக்கத்தில் அவனுடைய அடையாளத் தகட்டின் எழுத்துகளும் இலக்கமும், இரத்த வகையும், வாயு முகமூடியின் அளவும் பதியப்பட்டிருக்கும். அடுத்த பக்கத்தில் பிறந்த திகதி, ஊர், மதம், தொழில், உயரம், முகத்தின் வடிவம், முடியின் நிறம், கண்ணின் நிறம், சப்பாத்தின் அளவு ஆகியவை வரும். கீழே அவனது கையொப்பம். தொடக்கத்தில் வழங்கப்பட்ட புத்தகங்களில் புகைப்படம் இருக்கவில்லை. யுத்தத்தின் பிற்பகுதியிலேயே படம் ஒட்டுவது கட்டாயமாயிற்று.

பின்னர் அவன் சேர்ந்திருந்த படைப்பிரிவுகளின் விபரம் வரும். அதையடுத்து மனைவி, பெற்றோர் முதலிய நெருங்கிய உறவினரின் முகவரிகள். மனைவி இல்லாதவனுக்கு அந்த வரி வெறுமையாக இருக்கும், அல்லது குறுக்கே ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கும். பிறகு பெற்றுக்கொண்ட உடைகள், ஆயுதங்கள், ஏற்றிய தடுப்பூசிகள், வைத்தியசாலையில் தங்கிய நாட்கள், பெற்ற சம்பளம், விருதுகள், விடுமுறைகள். நோயின் பெயர் பெரும்பாலும் எழுத்தில் இராது. ஓர் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். 19 வயதில் படைக்கு வந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் முழு வாழ்வும் இந்த 24 பக்கங்களுக்குள் அடங்கிவிடும்.

மதம் என்ற வரியைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். பெரும்பாலான புத்தகங்களில் புரட்டஸ்தாந்து அல்லது கத்தோலிக்கம் என்றே அது நிரப்பப்பட்டது. ஆனால் அந்தச் சீருடையை அணிந்தோர் அனைவரும் ஜேர்மனியர் அல்லர். சோவியத் படையிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட மத்திய ஆசிய முஸ்லிம்களைக் கொண்டு துர்க்கிஸ்தான் படையணி அமைக்கப்பட்டது. பொஸ்னிய முஸ்லிம்கள் எஸ்.எஸ். படையின் ஒரு டிவிஷனுக்குத் திரட்டப்பட்டனர். கைதி முகாமின் பட்டினியிலிருந்து தப்புவதற்காகவே சீருடை மாற்றியோர் அவர்களில் பலர். அதே யுத்தத்தில் மொரோக்கோ, அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இத்தாலியில் ஜேர்மனியரை எதிர்த்துப் போரிட்டு மடிந்தனர். யாருடைய யுத்தம், யாருடைய சாவு என்ற கேள்விக்கு ஒரு புத்தகத்தின் ஒரேயொரு வரி எவ்வளவு சிக்கலான விடையைத் தரக்கூடும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

சம்பளப் புத்தகத்துக்கு இணையாக இன்னொரு ஆவணமும் இருந்தது. 'வேர்பாஸ்' என்ற சேவைப் பதிவேடு. சிப்பாய் படையில் சேர்ந்ததும் அதை ஒப்படைத்துவிட்டுச் சம்பளப் புத்தகத்தைப் பெற்றுக்கொள்வான். பதிவேடு அவனது பிரிவின் அலுவலகப் பெட்டியில் இருக்கும். அவன் இறந்தால், மரணக் குறிப்போடு அது குடும்பத்துக்கு அனுப்பப்படும். ஆகவே வீட்டுக்குப் போன பதிவேடு பொதுவாகச் சுத்தமாக இருக்கும். களத்துக்குப் போன புத்தகமே அடிவாங்கியிருக்கும். ஒரே மனிதனின் இரண்டும் கிடைப்பது ஆய்வாளனுக்கு ஒரு பேறு. ஒன்றின் திகதிகளைக் கொண்டு மற்றதன் காயங்களைச் சரிபார்க்கலாம்.

துளையை வாசித்தல்

ஒரு புத்தகத்தில் துளை இருந்தால் முதலில் அதை மூடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பையில் இருந்தபோது அது மூடியே இருந்திருக்கும் அல்லவா? 12 தாள்களையும் அட்டைகளையும் ஒருசேர ஊடுருவிய துளை, மூடிய நிலையில் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். விரித்தால் மட்டும் பொருந்தும் துளை, விரித்து வைத்தபின் போடப்பட்ட துளை.

அடுத்தது துளையின் வடிவம். நேரே வந்த துப்பாக்கி ரவை கடதாசியில் ஏறத்தாழ வட்டமான சிறு துளையை இடும். கடதாசியின் நார்கள் சற்று விலகி மீண்டும் நெருங்குவதால் துளை பெரும்பாலும் ரவையின் விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே தெரியும். நுழைந்த பக்கத்தில், ரவை தன் மேலிருந்த அழுக்கையும் உலோகத் தூளையும் துடைத்துவிட்டுப் போனதற்கு அடையாளமாகக் கரிய வளையம் ஒன்று காணப்படலாம். வெளியேறிய பக்கத்தில் நார்கள் வெளிநோக்கித் தள்ளப்பட்டிருக்கும். வேறெதிலாவது பட்டுத் தெறித்த ரவையாயின் அது புரண்டுகொண்டே வரும். அப்போது துளை நீளமாக அமையும்.

துளையை அளந்து சுட்டவர் யார் என்று சொல்லிவிடலாம் என்பது ஒரு பொதுவான மயக்கம். ஜேர்மன் துப்பாக்கியின் ரவை 7.92 மில்லிமீற்றர், சோவியத் மற்றும் அமெரிக்கத் துப்பாக்கிகளின் ரவை 7.62, பிரித்தானிய ரவை 7.7. எண்பது ஆண்டுக்காலம் ஈரத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் போன கடதாசியில் இந்தச் சிறு வேறுபாடுகளை அளந்து தீர்ப்புச் சொல்வது நேர்மையான காரியமாகாது.

மேலும் அந்த யுத்தத்தில் சிப்பாய்களைக் கொன்றவற்றில் பெரும் பங்கு ரவைக்கு உரியதன்று. பீரங்கியும் மோட்டாரும் வீசிய எறிகணைகளின் சிதறல்களே கூடுதலானோரைக் கொன்றன. சிதறலுக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. அது கடதாசியைத் துளைப்பதைவிடக் கிழிப்பதே அதிகம். முதல் தாள்களில் அகன்று, உள்ளே செல்லச் செல்ல வேகம் குறைந்து, பத்தாம் தாளில் வெறும் பள்ளமாக முடிந்துபோவதும் உண்டு. அப்படிப் பாதியில் நின்ற கிழிசலைக் காணும்போது, இந்தப் புத்தகம் அவனைக் காப்பாற்றியதோ என்று மனம் ஒரு கணம் எண்ணத்தான் செய்யும். ஆனால் ஒரே வெடிப்பில் பல துண்டுகள் பறக்கும். ஒன்றைப் புத்தகம் தடுத்திருக்கலாம்; மற்றவை எங்கே பட்டன என்பதைப் புத்தகம் சொல்லாது.

அவன் முன்னாலிருந்து சுடப்பட்டானா, பின்னாலிருந்து சுடப்பட்டானா? இதுவும் அடிக்கடி எழும் கேள்வி. நார்களின் சாய்வு, ரவை முன்னட்டையால் நுழைந்ததா பின்னட்டையால் நுழைந்ததா என்பதைக் காட்டும். ஆனால் புத்தகத்தை எந்தப் பக்கம் வெளியே தெரிய வைத்தான் என்பதை யார் அறிவார்? புத்தகத்தின் முன்புறம் வேறு, மனிதனின் முன்புறம் வேறு.

புத்தகத்தின் நடுவே வைக்கப்பட்டிருந்த பொருட்கள் இங்கே மிக முக்கியமான சாட்சிகள். மனைவியின் புகைப்படம், பாதி எழுதிய கடிதம், விடுமுறைச் சீட்டு ஆகியவற்றைச் சிப்பாய்கள் இதற்குள்தான் செருகி வைத்தனர். புத்தகத்தைத் துளைத்த ரவை அவற்றையும் அதே இடத்தில் துளைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் துளை இருந்து உள்ளே இருக்கும் படம் முழுமையாக இருந்தால், படம் பிறகு வந்து சேர்ந்தது, அல்லது துளை பிறகு வந்து சேர்ந்தது. துளையின் ஓரங்களில் மேற்சட்டையின் கம்பளி நூல் துணுக்குகள் சிக்கியிருப்பதும் உண்டு. ஆகவேதான் இத்தகைய புத்தகத்தைத் தட்டிச் சுத்தம் செய்யக் கூடாது. ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பலவந்தமாகப் பிரிக்கவும் கூடாது. உதிரும் ஒரு நூலிழை கூட ஒரு வாக்குமூலம்.

கறையை வாசித்தல்

துளையைவிடக் கறை ஏமாற்றக் கூடியது. பழுப்பாக எதைக் கண்டாலும் இரத்தம் என்று சொல்லிவிடும் பழக்கம் சேகரிப்பாளரிடம் உண்டு. புகைப்படத்தைப் பிடித்திருக்கும் சிறு உலோக வளையங்களும், பக்கங்களோடு கோக்கப்பட்ட கம்பி ஊசிகளும் ஈரத்தில் கறள் பிடித்துச் செம்மஞ்சள் வட்டங்களை உண்டாக்கும். ஈரநிலத்தில் கிடந்த புத்தகத்தில் பூஞ்சணம் கரும்புள்ளிகளை இடும். கோப்பி, துப்பாக்கி எண்ணெய், சேறு யாவும் தம் தடத்தை விட்டுச் செல்லும்.

இரத்தம் காலப்போக்கில் சிவப்பை இழந்து கரும்பழுப்பாகும். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கறை செக்கச்செவேலென்று இருந்தால் அதை நம்பக் கூடாது. மூடிய புத்தகத்தில் இரத்தம் ஓரங்களிலிருந்து உள்நோக்கி ஊறும். எதிரெதிர்ப் பக்கங்களில் கண்ணாடியில் தெரிவதுபோல ஒரே வடிவத்தைப் பதிக்கும். தாள்களை விறைப்பாக்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் அழகாகப் படிந்து, எதிர்ப்பக்கத்தில் சுவடே இல்லாத கறை, திறந்த புத்தகத்தில் தூரிகையால் இடப்பட்டதாக இருக்கலாம். பினோல்ப்தலீன் கொண்டு செய்யும் இரசாயனச் சோதனை, இளஞ்சிவப்பாக மாறி இரத்தத்தின் சாத்தியத்தைக் காட்டும். சாத்தியத்தை மட்டுமே. வேறு சில பொருட்களும் அதே நிறத்தைத் தரக்கூடும். அது மனித இரத்தம்தானா, இந்த மனிதனுடையதுதானா என்பதையும் அச்சோதனை கூறாது.

நீரின் தடத்தை அறிய ஒரு நல்ல வழி உண்டு. அக்காலத்து எழுதுநர்கள் பேனையோடு 'கொப்பி பென்சில்' எனப்பட்ட ஒருவகைச் சாயப் பென்சிலையும் பயன்படுத்தினர். உலர்ந்த நிலையில் அது சாதாரண பென்சிலைப் போலச் சாம்பல் நிறமாகவே இருக்கும். ஈரம் பட்டால் ஊதாவாக மாறிப் பரவும். இன்று ஒரு புத்தகத்தைத் திறக்கும்போது வைத்தியசாலைக் குறிப்பு ஊதாவாக மலர்ந்திருந்தால், அந்தப் பக்கம் ஒருநாள் நனைந்தது என்பது உறுதி. ஆற்றைக் கடந்தபோது நனைந்ததா, பதுங்கு குழியின் மழைநீரில் நனைந்ததா, வேறெந்த ஈரமோ? அதை ஊதா நிறம் சொல்வதில்லை.

எழுத்தா, கிழிசலா, எது முந்தியது?

என் கணிப்பில் இந்த ஆய்வின் இதயமான பகுதி இதுதான். துளை இருக்கிறது என்பதனால் மட்டும் அவன் அந்தத் துளையால் இறந்தான் என்று கொள்ள முடியாது.

உருப்பெருக்கியின் கீழ் துளையின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் எழுத்தின் நடுவே கிழிசல் ஓடி, மையும் கடதாசியும் ஒன்றாக அறுபட்டிருந்தால், எழுத்து முந்தியது, கிழிசல் பிந்தியது. மாறாக, கிழிந்த ஓரத்தின் நார்களுக்குள் மை ஊறிப் பரவியிருந்தால், அல்லது எழுதியவர் துளையைத் தவிர்த்துச் சற்றுத் தள்ளி எழுதியிருந்தால், துளை விழுந்த பின்னும் யாரோ ஒரு எழுதுநர் இந்தப் புத்தகத்தைத் திறந்து பதிவிட்டிருக்கிறார். அதாவது அவன் அன்று சாகவில்லை. வைத்தியசாலைப் பக்கம் அதை உறுதிப்படுத்தக்கூடும். காயமடைந்தோருக்கு வழங்கப்பட்ட சின்னம் மூன்று தரத்தது. முதலிரு காயங்களுக்குக் கறுப்பு, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் வெள்ளி, ஐந்தாவதிலிருந்து தங்க நிறம். விருதுப் பக்கத்திலுள்ள அச்சின்னத்தின் திகதியும் வைத்தியசாலைத் திகதியும் பொருந்தினால், துளையின் நாள் ஏறத்தாழத் தெரிந்துவிடும். அதன்பின் விடுமுறைப் பக்கம் அவன் வீட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லும். துளைபட்ட புத்தகத்தோடு மறுபடி களத்துக்குச் சென்றவன் அவன்.

சுத்தமான புத்தகம் பிழைத்தவனுடையது என்றும் கொள்ள முடியாது. தலையில் அடிபட்டு இறந்தவனின் மார்புப் பையில் புத்தகம் பழுதின்றி இருக்கும். சில புத்தகங்களில் 'களத்தில் வீழ்ந்தார்' என்பதைக் குறிக்கும் ஒற்றை ஜேர்மன் சொல்லும் திகதியும் முத்திரையும் மட்டுமே இருக்கும். ஒரு கறையும் இராது. கறை இல்லாத அந்த ஒற்றைச் சொல்லைவிட வலிமையான மரணச் சான்று வேறில்லை.

யுத்தம் செய்யாத சேதங்கள்

படைப்பிரிவின் விபரமுள்ள பக்கம் கிழிக்கப்பட்டிருந்தால் அது களத்தின் சேதம் அன்று. எந்தப் படைப்பிரிவு எங்கே நிற்கிறது என்பதை அறியும் அரிய மூலமாக இப்புத்தகங்களை எதிர்த்தரப்பு உளவுத்துறையினர் மதித்தனர். பிடிபடுமுன் சிப்பாயே அப்பக்கத்தைக் கிழித்தெறிந்திருக்கலாம். 1945இன் கடைசி வாரங்களில் புத்தகத்தையே எறிந்துவிட்டு ஓடியவர்களும் உண்டு. அட்டையிலுள்ள சுவஸ்திகா சுரண்டப்பட்டிருந்தால் அது யுத்தத்துக்குப் பின்னைய கையாக இருக்கக் கூடும். வெட்கத்தாலோ பயத்தாலோ ஒரு தாய் சமையலறைக் கத்தியால் அதைச் சுரண்டியிருக்கலாம். நினைவுப் பொருளாக எடுத்துச் சென்ற எதிரிச் சிப்பாய் படத்தை மட்டும் பிய்த்திருக்கலாம். சிதறலின் கிழிசலுக்கும் கத்தியின் வெட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சிதறல் நாரை இழுத்துப் பிய்க்கும். கத்தி நாரை ஒரே சீராக அறுக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகச் சந்தை செய்யும் சேதம் ஒன்றுண்டு. இன்று இப்புத்தகங்கள் உலகெங்கும் விலைக்கு வாங்கப்படுகின்றன. இறந்தவனுடையது என்றால் விலை ஏறும். துளையும் கறையும் இருந்தால் இன்னும் ஏறும். விளைவு, பழுதில்லாத புத்தகங்கள் துளைக்கப்படுகின்றன; கறை பூசப்படுகின்றன. புற ஊதா ஒளியின் கீழ் நீலவெண்மையாக ஒளிரும் கடதாசி, வெண்மையூட்டி சேர்க்கும் முறை பரவிய யுத்தத்துக்குப் பிந்திய காலத்தது. குமிழ்முனைப் பேனையால் எழுதப்பட்ட 1942ஆம் ஆண்டுப் பதிவும் அவ்வாறே சந்தேகத்துக்குரியது. அப்பேனை பரவலாக விற்பனைக்கு வந்ததே 1945இன் பின்னர்தான்.

போலியைவிடக் கொடியது உண்மையான திருட்டு. பழைய களங்களை இரவில் தோண்டி, எலும்புகளின் அருகிலுள்ள தகட்டையும் பதக்கத்தையும் எடுத்து விற்போர் இருக்கின்றனர். ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 168ஆவது பிரிவு இறந்தோரின் அமைதியைக் குலைப்பதைக் குற்றமாகக் கொள்கிறது. ஆயினும் தோண்டுதல் நிற்கவில்லை. தகடு போனபின் எஞ்சும் எலும்புகளுக்கு இனி ஒருபோதும் பெயர் கிடையாது. வாங்குபவன் கண்ணாடிப் பேழையில் வைப்பது இன்னொருவரின் கல்லறைக் கல்லைத்தான்.

ஆறுதல் கடிதம்

சிப்பாய் இறந்தால் அவனது கம்பனித் தளபதி குடும்பத்துக்குக் கடிதம் எழுதுவது வழக்கம். அத்தகைய கடிதங்கள் பெருந்தொகையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றை வாசிப்போருக்கு ஒரு விடயம் விரைவிலேயே புலப்படும். தலையில் குண்டு பட்டது, அல்லது இதயத்தில் பட்டது. உடனே உயிர் பிரிந்தது. வேதனை எதையும் உணரவில்லை. கடிதத்துக்குக் கடிதம் இதே செய்தி. இத்தனை பேரும் ஒரு கணத்தில், வலியின்றி இறந்திருக்க முடியாது. வயிற்றில் காயப்பட்டு இரு நாட்கள் துடித்தவனைப் பற்றி ஒரு தாய்க்கு வேறு எப்படி எழுதுவது? தளபதிகள் பொய் எழுதினர். அந்தப் பொய்யில் இரக்கம் இருந்தது. மகன் வீரமரணம் எய்தினான் என்று நம்பவைத்து யுத்தத்தைத் தொடர்ந்து நடத்தும் அரசின் தேவையும் அதனுள் கலந்திருந்தது.

சம்பளப் புத்தகம் சில வேளைகளில் இந்தக் கடிதத்தை மறுக்கும். இதயத்தில் ரவை பாய்ந்ததாகக் கடிதம் சொல்ல, மார்புப் பையிலிருந்த புத்தகத்தில் துளையே இராது. அல்லது கடிதம் குறிப்பிடும் நாளுக்கு முந்திய நாளில் கள வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதற்கான பதிவு இருக்கும். பேரப்பிள்ளை ஒருவர் இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தால் ஆய்வாளன் என்ன செய்வான்? கேட்கப்பட்டதற்கு உண்மையே பதில் என்பது என் கருத்து. எண்பது ஆண்டுகளுக்குப் பின் இரக்கப் பொய்க்குரிய தேவை கழிந்துவிட்டது. ஆனால் உண்மை என்பது இங்கே, துளையிலிருந்து நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது. மீதியைக் கற்பனையால் நிரப்பினால் தளபதியின் பொய்யை அகற்றி நம்முடைய பொய்யை வைத்தவர்களாவோம்.

பெயர் என்னும் கடன்

1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, இறந்தோரின் பெயர்களையும் உடைமைகளையும் சேகரித்து மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டுமென்றது. அடையாளத் தகட்டின் ஒரு பாதி உடலோடு இருக்க வேண்டும். மறு பாதி அனுப்பப்பட வேண்டும். நடுவே துளைகள் இடப்பட்டு எளிதில் முறியும்படி ஜேர்மன் தகடு செய்யப்பட்டிருந்தது அதற்காகவே. யுத்தம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன், 1939 ஓகஸ்ட் 26இல், இழப்புகளையும் கைதிகளையும் பதியும் தகவல் நிலையம் பேர்லினில் தொடங்கப்பட்டது. சுருக்கமாக 'வாஸ்ட்' எனப்பட்ட அந்நிலையத்தின் அட்டைகள் 180 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. 2019 ஜனவரியில் அது ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு இணைக்கப்பட்டது. அதன் அட்டைகளை மாதிரியெடுத்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரூடிகர் ஓவர்மன்ஸ், ஜேர்மன் படையினரில் இறந்தோர் தொகை சுமார் 53 இலட்சம் என 1999இல் வெளியிட்டார். ஜேர்மன் செஞ்சிலுவைச் சங்கம் காணாமற்போனோரின் பட்டியலை 225 தொகுதிகளாக அச்சிட்டது. சுமார் 14 இலட்சம் பெயர்கள். அவர்களுள் 9 இலட்சம் பேரளவில் முகங்களும். சிறையிலிருந்து திரும்பியோர் முன் அத்தொகுதிகள் விரித்து வைக்கப்பட்டன.

பேர்லினுக்குத் தென்கிழக்கே ஹால்ப என்றொரு கிராமம். 1945 ஏப்ரலின் கடைசி நாட்களில் ஜேர்மனியின் 9ஆவது படை அங்குள்ள காட்டில் சுற்றிவளைக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் பல்லாயிரவர் மடிந்தனர். ஊரவர்கள் உடல்களைக் கிடந்த இடத்திலேயே அவசரமாகப் புதைத்தனர். 1951இல் எர்ன்ஸ்ட் டெய்க்மன் என்ற பாதிரியார் அங்கு வந்து, சிதறிக் கிடந்த புதைகுழிகளை ஒன்றாக்கி ஒரு மயானத்தை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். இன்று சுமார் 24,000 பேர் அங்கே உறங்குகின்றனர். அவர்களில் ஆயிரக்கணக்கானோரின் கல்லில் பெயரில்லை. அந்தக் காட்டில் இன்னமும் எலும்புகள் கிடைக்கின்றன. மணலில் கடதாசி மக்கிப்போகும், தகடு எஞ்சும். தகட்டின் இலக்கம் பேர்லின் அட்டையில் அகப்பட்டால், எலும்புக்கு ஒரு பெயர் திரும்பக் கிடைக்கும்.

ஒரு பெரும் நியாயக் கேள்வியைத் தாண்டி இக்கட்டுரையை முடிக்க முடியாது. இவர்கள் எந்தப் படையின் சிப்பாய்கள்? அந்தப் படையின் கைகளில் அகப்பட்ட சோவியத் கைதிகள் சுமார் 57 இலட்சம் பேரில் 33 இலட்சம் பேரளவில் பட்டினியாலும் குளிராலும் கொலையாலும் இறந்தனர். அவர்களில் பெருந்தொகையானோர் பெயரின்றிக் குழிகளில் தள்ளப்பட்டனர். சோவியத் சிப்பாய்க்கு வழங்கப்பட்ட அடையாளம், ஒரு சிறு கரிய குப்பிக்குள் சுருட்டி வைத்த ஒரு துண்டுக் கடதாசி. அதை நிரப்பினால் சாவு வருமென்ற அச்சத்தால் பலர் வெறுமையாகவே விட்டனர். 1942 நவம்பரில் அதுவும் கைவிடப்பட்டது. தன் சிப்பாயின் சப்பாத்து அளவைக்கூடப் பதிந்துவைத்த ஒரு படை, பிறரை இலட்சக்கணக்கில் பெயரற்றவர்களாக்கியது.

இதை மறந்துவிட்டு ஒரு துளையைப் பார்த்துக் கண்ணீர் விடுவது அரை உண்மை. ஆனால் சம்பளப் புத்தகம் இந்த இடத்திலும் பேசவே செய்கிறது. படைப்பிரிவுப் பக்கத்தைத் திறந்தால், எந்த மாதம் அவன் எந்தப் பிரிவில் இருந்தான் என்பது தெரியும். அந்தப் பிரிவு அப்போது எந்த ஊரில் இருந்தது, அங்கே என்ன நடந்தது என்பதை வேறு ஆவணங்கள் சொல்லும். சாதாரணப் படையின் குற்றங்களை வெளிக்கொணர்ந்த கண்காட்சி 1995இல் ஹம்பர்கில் தொடங்கியபோது ஜேர்மன் குடும்பங்கள் கலங்கியது இதனால்தான். தாத்தாவின் புத்தகத்திலிருந்த ஊரின் பெயர் அங்கே சுவரிலும் இருக்கக் கூடும் அல்லவா? அவன் சுட்டானா என்பதற்குப் புத்தகம் விடை தராது. அவன் எங்கே இருந்தான் என்பதற்குத் தரும்.

ஆகவே பெயரைத் திருப்பிக் கொடுப்பது மன்னிப்பு வழங்குவது ஆகாது. பெயருள்ளவனுக்காகவே ஒருவர் அழ முடியும். பெயருள்ளவனையே கணக்குக் கேட்கவும் முடியும். பெயரற்ற எலும்பு இரண்டுக்கும் உதவாது.

துளை விழுந்த ஒரு சம்பளப் புத்தகம் கைக்கு வந்தால் பெரும்பாலோர் துளையையே முதலில் பார்ப்பர். அதன் விட்டம், அதன் ஓரம், அதன் விலை. நான் சொல்ல விரும்புவது இதுதான். துளையைப் பார்ப்பதற்கு முன் முதற்பக்கத்திலுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். இந்த மனிதன் இன்னும் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கிறானா என்று கேளுங்கள். பிறகு உறவினர் பக்கத்தைத் திறவுங்கள். சாய்ந்த பழைய எழுத்தில் ஒரு தெருவும் ஓர் இலக்கமும் அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்த வீட்டில் ஒரு தாய் தபால்காரனை எதிர்பார்த்திருந்தாள்.